கோணல் பட்டை

அந்தக் கலங்கரை விளக்கைக் கடல் தலைமுறை தலைமுறையாக அடித்துப் பார்த்துவிட்டது. அது அசைந்து கொடுக்கவில்லை. வெள்ளைக் கோபுரம், அதைச் சுற்றிக் கறுப்புப் பட்டைகள். இன்றைக்கும் பொழுது சாய்ந்தால் உச்சியில் விளக்கு சுற்றும், பெரிய கப்பல்கள் அதைப் பார்த்து ஒதுங்கிப் போகும். பகலில் பட்டைகள்தான் அதற்கு அடையாளம். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் கோபுரத்தின் வயதையோ உயரத்தையோ சொல்ல மாட்டார்கள். நடுப்பட்டை கோணல் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள், அதுவும் சிரித்துக்கொண்டே.

லேசுப்பட்ட கோணல் இல்லை அது. நடுப்பட்டையின் கீழ் விளிம்பு கடல் பக்கம் வந்ததும் ஒரு முழம் கீழே இறங்கும். முனையாகத் தொங்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மேலே ஏறிக்கொள்ளும். அப்படி அடித்து வைத்தவர் இப்போதைய பெயின்டரின் அப்பா, பெயின்டர் மனைவியான அவளுக்கு மாமனார். தொங்குபலகையின் ஒரு பக்கக் கயிறு நழுவியிருக்கிறது. பலகை சாய்ந்தது தெரியாமல், பலகைக்கு நேராக விளிம்பை இழுத்துக்கொண்டே போய்விட்டார். சுவரில் மூக்கு உரச வேலை செய்கிறவனுக்குச் சுவர்தான் தெரியும், கோபுரம் தெரியாது. சாயங்காலம் கரை திரும்பிய படகுக்காரர்கள் பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். அன்றைக்கு விழுந்த பெயர் கோணல். மனிதர் போய்ச் சேர்ந்த பிறகும் பெயர் போகவில்லை. மகனுக்குச் சின்னக் கோணல் என்றும், வீட்டுக்குக் கோணல் வீடு என்றும் பெயர். அவள் மருமகளாக உள்ளே கால் வைத்த அன்றே கோணல் வீட்டுக்காரி ஆகிவிட்டாள்.

"நீங்களாவது அதை நேராக்கித் தொலைக்கக் கூடாதா?" என்று புருஷனிடம் கேட்காத வருஷம் இல்லை.

பெயின்டர் ஈ எறும்புக்கும் எதிர்ப்பேச்சுப் பேசாத ஆள். "இருக்கிற விளிம்பு மேலயே அடிச்சுட்டுப் போறதுதான் முறை. அப்பா போட்ட கோடு அது" என்பார். கடைத்தெரு வழியாகப் போனால் யாராவது எதையாவது சொல்வார்கள் என்று கொல்லைப்பக்கச் சந்து வழியாகவே வேலைக்குப் போய் வருவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள், மகள் மட்டும் அன்றைக்கு அழுதுகொண்டு வராமல் இருந்திருந்தால். பள்ளிக்கூடத்தில் புது டீச்சர் "நீ எந்த வீட்டுப் பொண்ணு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார். இவள் வாய் திறப்பதற்குள் வகுப்பே சேர்ந்து பதில் சொல்லியிருக்கிறது. வந்தவள் புத்தகப் பையைக் கட்டிலில் எறிந்துவிட்டு, "நான் சித்தி வீட்டுல இருந்து படிக்கிறேன்மா. அங்க யாருக்கும் நம்மளைத் தெரியாது" என்றாள்.

பெற்ற பிள்ளை தன் வீட்டை விட்டு ஓடப் பார்க்கிறது, காரணம் சுவரில் ஒரு முழக் கறுப்புப் பெயின்ட். அன்றைக்கே அவள் முடிவு கட்டிவிட்டாள். அடுத்த முறை கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது அந்த முனை இருக்கக் கூடாது.

அடுத்த முறை சீக்கிரமே வந்தது. கூடவே ஒரு கூத்தும் வந்தது. வாழ்நாளெல்லாம் அந்தரத்தில் தொங்கி ஒரு கீறல் படாத பெயின்டர், சமையலறையில் பல்பு மாற்றப் போய் முக்காலியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். முழங்கால் வரை மாவுக்கட்டு. விளக்கு ஆபீசர் வீட்டுக்கே வந்து விசாரித்துவிட்டு, வேறு ஆள் பார்க்கப்போவதாகச் சொன்னார்.

"எதுக்கு வேற ஆள்? நான் இறங்கறேன் சார்" என்றாள் அவள்.

ஆபீசர் பெயின்டரைப் பார்த்தார். பெயின்டர் மாவுக்கட்டைப் பார்த்தார்.

"அதெல்லாம் சரிப்படாதும்மா. பொம்பளைங்களைத் தொங்கவிட்டேன்னு நாளைக்கு என்னைக் கேள்வி கேட்பாங்க."

"இத்தனை வருஷமா இவர் கீழ தொங்கினார், மேல கயித்தைப் பிடிச்சது யாரு சார்? நான்தான். இவர் உசுரு என் கையில இருந்தப்போ யாரும் கேள்வி கேட்கல. இப்ப என் உசுரை இவர் கையில குடுக்கறேன். கப்பிக்கு ஆம்பளை எது, பொம்பளை எதுன்னு தெரியாது சார்."

ஆபீசர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அவருக்கும் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. மேலிடத்தில் யாரோ கோபுரத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, இதென்ன இப்படித் தொங்குகிறது என்று கேட்டிருக்கிறார்கள். "இந்தத் தடவை நடுப்பட்டை நேரா இருக்கணும். அது உங்களால முடியுமா?" என்றார்.

அவளுக்கு வாயெல்லாம் பல். "நூல் பிடிச்ச மாதிரி அடிக்கறேன் சார்."

ஆபீசர் போன பிறகு பெயின்டர் மெதுவாகச் சொன்னார். "வேணாம்னு சொன்னா கேட்கவா போற."

"மாட்டேன்."

வேலை ஆரம்பித்த அன்று பெயின்டர் படிகளில் உட்கார்ந்தபடியே, பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக நகர்ந்து உச்சிக்கு ஏறினார். உச்சியில் விளக்கறையைச் சுற்றி இரும்புக் கம்பி போட்ட பால்கனி. அங்கே நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட காலை ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் நீட்டி, பலகையை ஏற்றி இறக்கும் கைச்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் இடுப்பிலிருந்து ஒரு மெல்லிய கயிறு அவர் மணிக்கட்டுக்குப் போகும். காற்றுக்கு முன்னால் அங்கே யார் கத்தினாலும் எடுபடாது. பேச்செல்லாம் அந்தக் கயிற்றில்தான். ஒரு இழுப்பு என்றால் இறக்கு. இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் ஏற்று. இது தவிர, வெடுக்வெடுக்கென்று உலுக்கினால் திட்டு. இதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, குடித்தனம் நடத்தியதில் தானாக வந்தது.

முதல் நாள் அவளுக்குப் பயம் இருந்தது உண்மை. ஆனால் வெளியே சொல்லவில்லை. கீழே பார்க்காமல் சுவரைப் பார்த்தாள், உப்பு பூத்த இடத்தைச் சுரண்டினாள், வெள்ளையை அடித்தாள். ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் முரசு. பெரிய படகுக்குச் சொந்தக்காரர். இந்தக் கரையில் பேசினால் அந்தக் கரையில் கேட்கும் தொண்டை, அதனால் அந்தப் பெயர். "கோணலுக்குக் கோணல் கயிறு பிடிக்குது, பட்டை இனிமே பாம்பு மாதிரி வளையப்போவுது" என்று அவர் சொன்னதைச் சாயங்காலம் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போக நாலு பேர் இருந்தார்கள்.

அதற்குள் இன்னொரு செய்தியும் ஊருக்குள் பரவியது. இந்தத் தடவை முனையை எடுக்கிறார்கள், பட்டை நேராகப்போகிறது. அதோடு சிரிப்புச் சத்தம் நின்றது. அவள் அதைக் கவனிக்கத்தான் செய்தாள், காரணம் புரியவில்லை.

முதலில் வந்தவன் நண்டு. எலும்பும் தோலுமாக, பக்கவாட்டில் நடக்கிற சின்னப் படகுக்காரன். கையில் ஒரு பெரிய மீன். "சும்மா குடுக்கணும்னு தோணுச்சு அக்கா" என்று வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். பிறகு, "அந்த முனை இருந்துட்டுப் போகட்டுமே. பழசு பழசாவே இருந்தாத்தான அழகு" என்றான். நண்டு வாயிலிருந்து அழகு என்ற சொல் வந்து அவள் கேட்டதே இல்லை.

மறுநாள் படகுக்காரம்மா வந்தாள். புருஷன் காலமான பிறகு தானே படகை ஓட்டுகிறவள், யாருக்கும் தலை வணங்காதவள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, "எல்லாம் நேரா இருந்தா கண்ணு பட்டுடும் தங்கச்சி. ஒரு இடத்துல கொஞ்சம் தொங்கினா நல்லது" என்றாள். போகும்போது, "நான் வந்ததை மத்தவங்ககிட்ட சொல்லாதே" என்று வேறு சொன்னாள்.

அதற்கும் அடுத்த நாள் கொல்லைப்பக்கக் கதவு தட்டப்பட்டது. அவள் புருஷன் வழக்கமாக வந்துபோகும் அதே சந்து வழியாக, தொண்டையை அடக்கிக்கொண்டு, முரசு வந்து நின்றார்.

"உங்க மாமனாரும் எங்கப்பாவும் எப்பேர்ப்பட்ட சிநேகிதம் தெரியுமா தங்கச்சி? அந்தப் பெரியவர் ஞாபகமா அந்த முனையை விட்டு வைக்கணும்" என்றார்.

அந்த இரண்டு பேரும் சாகும்வரை முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதில்லை என்பது ஊருக்கே தெரியும். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "என் காதுல பூ சுத்தாதீங்க அண்ணே. அந்த முனையில உங்களுக்கு என்ன இருக்கு? நேராச் சொல்லுங்க, இல்ல வந்த வழியே போங்க."

முரசு கதவைச் சாத்தினார். அந்தத் தொண்டையிலிருந்து இவ்வளவு சின்னக் குரல் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. "யார்கிட்டயும் சொல்லிடாதே. இது எங்க குடும்ப ரகசியம். கரைக்கு வர்றப்போ முன்னால மொட்டைப்பாறை இருக்குல்ல, கிட்ட வர வர அதோட தலை கோபுரத்து மேல ஏறிக்கிட்டே வரும். தலை போய் அந்த முனையைத் தொடணும். தொட்ட நிமிஷம் சுக்கானைத் திருப்பினா பாறைங்களுக்கு நடுவுல வழி கிடைக்கும். முந்தினா ஒரு பாறை, பிந்தினா ஒரு பாறை. முன்னாடியெல்லாம் குத்துமதிப்பா வருவோம், வருஷத்துக்கு ஒரு படகாவது போகும். உங்க மாமனார் தப்பா அடிச்சதுக்கப்புறம் எங்க வீட்டுல ஒருத்தரும் பாறையில ஏறல."

"மத்த படகெல்லாம் எப்படி வருது?"

"அவங்களா? அவங்க எங்க படகைப் பார்த்துத் திரும்பறாங்க" என்றார் முரசு, பெருமையாக.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. நண்டின் மீனும், படகுக்காரம்மாவின் கண்ணேறும் இப்போது புரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் இதே ரகசியம். ஒவ்வொருவரும் மற்றவர்கள் தன்னைப் பார்த்துத் திரும்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடையாளத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது படகுக்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. அப்பன் மகனுக்குச் சொல்வான், பங்காளிக்குச் சொல்ல மாட்டான். சிரித்து முடித்ததும்தான் அவளுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை.

"அப்புறம் எதுக்கு அண்ணே சிரிச்சீங்க? எங்க வீட்டைப் பார்த்து, இத்தனை வருஷமா?"

முரசு தரையைப் பார்த்தார். "முதல்ல நிஜமாத்தான் சிரிச்சோம். அப்புறம், சிரிக்காம அந்த முனையையே பார்த்துக்கிட்டிருந்தா எதுக்குப் பார்க்கறோம்னு மத்தவன் யோசிப்பான் பாரு. அதனால..."

அதனால். ஒரு மனிதர் தலை குனிந்தே செத்துப்போனார். இன்னொருவர் சந்து சந்தாக ஒளிந்து நடக்கிறார். ஒரு பெண் குழந்தை சித்தி வீட்டுக்குப் போக மூட்டை கட்டுகிறது. எல்லாம் இவர்கள் பார்ப்பது மற்றவனுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. முரசின் முன்னால் அழக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நாளைக்குப் படகு இறங்காத நாள். நான் முனைக்கு நேரா இறங்கறேன்" என்றாள். "நீங்க மேல ஏறி வாங்க. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து, இப்ப எங்கிட்ட சொன்னதைச் சொல்லுங்க. ஆபீசர் இருக்கணும், மத்தப் படகுக்காரங்க இருக்கணும். வரலன்னா வெள்ளையைப் பூசிட்டு வந்துகிட்டே இருப்பேன்."

"எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடுமே தங்கச்சி."

"தெரியட்டும்."

"படகு உடைஞ்சா உனக்குப் பரவாயில்லையா?"

"உங்க படகு. உங்களுக்கே வாய் திறக்க மனசு வரலன்னா நான் என்ன செய்ய முடியும்?"

சொல்லிவிட்டாளே தவிர, அவர் போனதும் தணித்த அடுப்பை மறந்து உட்கார்ந்துவிட்டாள். ஒருவரும் வராவிட்டால் நிஜமாகவே பூசிவிடுவாளா என்று அவளுக்கே தெரியவில்லை. புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்க வேண்டியதை அவர் அந்த வாயிலிருந்துதான் கேட்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள்.

மறுநாள் காலை நடுப்பட்டை வரை இறங்கி, சுண்ணாம்பு தடவிய நூலை இழுத்துத் தெறித்து, நேர்க்கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே முனை தொங்கியது. கிட்டத்தில் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. ஓரம் வெளிறி, கீழே அழுக்கு வழிந்து, எது கறுப்பு, எது அழுக்கு என்று தெரியாத ஒரு திட்டு. கீழே கூட்டம் சேர்ந்திருந்தது. யாரும் கையசைக்கவில்லை, யாரும் கோபுர வாசலுக்கு நகரவும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் முதலில் நகர்ந்தால் அவன் வீட்டு ரகசியம் அம்பலமாகிவிடுமே.

அவள் காத்திருந்தாள். பிறகு பிரஷை வெள்ளையில் முக்கி எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி ஒரு முறை உயர்த்திக் காட்டி, முனையின் நுனியில் ஓர் இழுப்பு இழுத்தாள்.

கீழே கூட்டம் கலைந்தது. கலைந்து எங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபுர வாசல் அவள் தொங்கிய பக்கத்தில் இல்லை. இரண்டாவது முறை பிரஷை முக்கினாள். கை சுவரை நோக்கி நீண்டது, அதற்கு மேல் போக மறுத்தது. அப்படியே உட்கார்ந்திருந்தபோது இடுப்புக் கயிறு அசைந்தது. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை, திட்டும் இல்லை. விட்டு விட்டு நடுங்கியது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சைகை வந்ததில்லை. பிறகு, நிதானமாக, மூன்று இழுப்பு. ஏற்றப்போகிறார்.

அவள் மேலே வந்து சேர்ந்தபோது பால்கனியில் நிற்க இடமில்லை. முரசு முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நண்டு, படகுக்காரம்மா, இன்னும் எல்லோரும்; ஓரத்தில் ஆபீசர். படகுக்காரர்கள் எல்லோருமே ரகசியத்தைச் சொல்லியிருக்கிறார்கள் போல. ஒருவர் மூஞ்சியை ஒருவர் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயின்டரின் கன்னம் நனைந்திருந்தது. சக்கரத்தை விட முடியாததால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"என் காதும் கேட்கட்டும். இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் அவள்.

முரசு நிமிர்ந்தார். இந்த முறை அவருடைய சொந்தத் தொண்டையிலேயே சொன்னார். "உங்கப்பா போட்ட முனையைப் பார்த்துத்தான் எங்க வீட்டு ஆம்பளைங்க கரை சேர்றோம். தெரிஞ்சுக்கிட்டேதான் சிரிச்சோம். தப்புதான்."

பெயின்டர் சக்கரத்தைப் பூட்டிவிட்டுக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில், "அப்பா கடைசி வரைக்கும் கடைத்தெருப் பக்கமே போகல" என்றார்.

ஆபீசர்தான் தொண்டையைக் கனைத்தார். "எல்லாம் சரி. ஆனா மேலிடத்துல நேரா வேணும்னு சொல்லியிருக்காங்களே."

"பலகை காலியாத்தான் இருக்கு சார்" என்றாள் அவள். "நேரா வேணும்னா நீங்களே இறங்கி அடிச்சுக்கங்க. நான் அடிச்சா முனையோடதான் அடிப்பேன்."

ஆபீசர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை எட்டிப் பார்த்தார். உடனே தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "படகுக்கு அடையாளம்னு சொன்னா மேல ஒத்துப்பாங்க. அடையாளத்தை மாத்தக் கூடாதுன்னுதான் சட்டமே. நான் பேசிக்கறேன்" என்றார். சொன்னபடி பேசவும் செய்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்கே அவள் மறுபடி இறங்கினாள். தான் இழுத்த வெள்ளைக் கோட்டின் மேல் கறுப்பை ஏற்றினாள். வெளிறிப்போன ஓரத்தைச் சுரண்டி, கீழே வழிந்திருந்த அழுக்கை வெள்ளையால் மூடி, அடியில் மாமனாரின் பழைய கறுப்பு எங்கே முடிகிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடித்து, சரியாக அந்த இடத்தில் நுனியைக் கூர்மையாக நிறுத்தினாள். ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அதற்கு அவள் கூலியாகக் கேட்டது ஒன்றுதான். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு ஒரு நாள், முரசு தன் படகில் அவர்கள் மூன்று பேரையும் கடலுக்கு அழைத்துப்போக வேண்டும். அந்தக் கோபுரத்துக்கு வாழ்நாளெல்லாம் பெயின்ட் அடித்தவர், அதைக் கடலிலிருந்து ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது வெயில் கோபுரத்தின் மேல் பளீரென்று விழுந்தது. பெயின்டர் தாங்குகட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவர் தோளைப் பிடித்தபடி நின்றாள். மொட்டைப்பாறையின் தலை அலைக்கு மேல் எழுந்து, கோபுரத்தின் வெள்ளையில் மெல்ல மெல்ல ஏறியது.

"சுக்கானை இப்படிக் குடுங்க" என்றாள் அவள்.

முரசு தயங்கினார். ஆனால் அவளிடம் மாட்டேன் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்துகொண்டார். இரண்டு பக்கமும் பாறைகள் நுரை கக்கின. பாறைத் தலை இன்னும் ஏறியது.

"திருப்பு" என்றார் முரசு.

அவள் திருப்பவில்லை.

"தொட்டாச்சு தங்கச்சி, திருப்பு."

"இன்னும் தொடல."

"எங்கிட்டயா சொல்ற? பொறந்ததுலேர்ந்து பார்க்கறேன் நான்."

"நீங்க கீழ வழிஞ்ச அழுக்கை நுனின்னு பார்த்து முந்தியே திரும்பிப் பழகிட்டீங்க. இத்தனை நாளும் பாறையை உரசிக்கிட்டுத்தான் திரும்பியிருப்பீங்க. நுனி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், கை வெச்சவ நான்."

முரசின் கை சுக்கானை நோக்கி வந்தது. அவள் பார்த்த பார்வையில் திரும்பிப் போனது. பாறைத் தலை வெள்ளையின் கடைசி இடுக்கையும் மூடிக்கொண்டு கறுப்பு நுனியில் போய் முட்டியது. அவள் திருப்பினாள். படகு ஒரு குலுக்கலும் இல்லாமல் இரண்டு பாறைகளுக்கு நட்டநடுவில் நுழைந்து, அமைதியான தண்ணீருக்கு வந்துவிட்டது.

முரசு துண்டால் முகத்தைத் துடைத்தார். இவ்வளவு நடுவில் அவர் ஒரு நாளும் வந்ததில்லை என்பது அவர் மூஞ்சியிலேயே தெரிந்தது.

"இப்பச் சிரிங்க அண்ணே" என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. மகள்தான் சிரித்தாள்.